அஷ்டமியில் ஆன்டிபயாடிக்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து என் அண்ணன் சக்திவேல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்: குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தே தீருவது. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. எதிர்ப்பு நான். அண்ணி ஓட்டுப் போடவில்லை. சமையலறையில் சட்னி தாளித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கு எட்டு மாதம். முகிலன் என்று பேர் வைத்தோம். அதற்காக மூக்கு வழியாகவா மழை பெய்ய வேண்டும்? ஐப்பசி மழைக்குச் செம்பாக்கம் ஏரி நிரம்பியதோ இல்லையோ, வீட்டிலிருந்த துண்டெல்லாம் நனைந்துவிட்டது.

முந்தின நாள்தான் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சு, காது, தொண்டை எல்லாம் பார்த்தார். "வைரஸ் சளி, தானா போயிடும். மூக்குல விட உப்புத்தண்ணி டிராப்ஸ் போதும். பால் குடிக்கலைன்னா, மூச்சு வேகமா இழுத்தா, ஜுரம் வந்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். அண்ணனுக்கு மனசே ஆறவில்லை.

"ஒரு மருந்து எழுதல. அவரு என்ன டாக்டரு?"

"எழுதாம இருக்கத்தான்ணா அவரு அவ்ளோ படிச்சாரு."

"நேத்து வெள்ளையா ஒழுகிச்சு வினி. இன்னிக்குப் பாரு, பச்சை."

"பச்சையானா என்ன?"

"பச்சை விழுந்தா கிளம்ப வேண்டியதுதான?"

"அது குரோம்பேட்டை சிக்னல்ணா. இது மூக்கு. சளி போற வழியில பச்சையாத்தான் ஆகும்."

நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. கிருமி விஷயத்தில் என்னிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைச் சீண்டக்கூடச் சீண்டாது என்றேன். வேண்டாதபோது கொடுத்துப் பழக்கினால், நிஜமாக வேண்டும் நாளில் மருந்து வேலை செய்யாது என்றேன். போன சளிக்கு இப்படித்தான் இவனாக ஒன்றைக் கொடுத்து, வயிற்றாலே போய், குழந்தை துவண்டு கிடந்ததையும், அண்ணி அழுததையும் ஞாபகப்படுத்தினேன். அண்ணன் பதில் சொன்னான். அதற்கு நான் பதில் சொன்னேன். இட்லி ஆறி, கல்லாகி, எறிந்தால் மண்டை உடையும் பதத்துக்கு வந்துவிட்டது.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அவன் கெட்டவன் இல்லை. குழந்தைக்கு மூக்கடைத்து 'கொர்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், எழுந்து உட்கார்ந்து தொட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பாட்டில் வேண்டும்.

பாட்டில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு சாராள் ஆன்டியிடம் யார் தும்மினாலும் ஆன்டிபயாடிக் கிடைக்கும். அந்தப் பெயரிலேயே ஆன்டி இருப்பது சும்மா இல்லை என்பது என் கட்சி.

"எங்க பேரனுக்கு வாங்குனதுப்பா. பிரிக்கவே இல்ல. பவுடரா கீது, காய்ச்சி ஆறுன தண்ணி ஊத்திக் குலுக்கு, அவ்ளோதான்."

அண்ணன் கோப்பை வென்றவன் மாதிரி பாட்டிலோடு வந்து ஹாலில் நின்றான். அப்போதுதான் அண்ணி வெளியே வந்தார். பெயர் கோகிலவாணி. அந்தக் குரலை அவர் வீணாகச் செலவழிப்பதில்லை.

"சரிங்க, குடுத்துடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி!"

"ஆனா இது கோர்ஸ். ஆரம்பிச்சா முழுசா முடிக்கணும். இன்னிக்கு அஷ்டமியாச்சே, ஆரம்பிக்கலாமா?"

அண்ணனின் கை அப்படியே நின்றது. ராகு காலத்தில் பைக்கை உதைக்காதவன் அவன். எமகண்டம் முடியட்டும் என்று வாசலிலேயே நின்று, ஒரகடம் கம்பெனிக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்குகிறவன்.

"அஷ்டமியா?"

"உள்ள காலண்டர்ல பாத்தேன். அஷ்டமில ஆரம்பிச்சது இழுத்துக்கிட்டே போகும்னு நீங்கதான் சொல்லுவீங்க."

இதை எழுதும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பி.காம். படித்த பெண், காலண்டரைப் பார்த்து வைத்தியமா? "அஷ்டமிக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம் அண்ணி? கொடுக்கணும்னா எந்த நாள்லயும் கொடுக்கலாம்!"

"பாத்தியா, வினியே சொல்லிட்டா" என்று அண்ணன் மூடியைத் திருகப் போனான்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டவளைப் பார்ப்பது மாதிரி. "கொடுங்க. அப்புறம் ஏதாவதுன்னா என்னைக் கேக்காதீங்க" என்றார். மூடி திரும்பவும் இறுகியது.

"சரி, நடுவுல மூச்சு கீச்சு வாங்குனா?" என்றான் அண்ணன்.

"அப்போ அஷ்டமியாவது நவமியாவது, அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட."

திங்கட்கிழமை நவமி. நான் மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு முழு வகுப்பு எடுத்தேன். செவ்வாய்க்கிழமை, செவ்வாய் என்பதே போதுமானதாக இருந்தது. செவ்வாய் கிரகத்துக்குப் போன விண்கலங்களைப் பற்றி நான் பேசினேன். இதற்கிடையில் அண்ணி மூக்குக்குச் சொட்டு விட்டார், அடிக்கடி பால் கொடுத்தார், சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணிப் பார்த்துக்கொண்டார். புதன்கிழமை விடிந்தபோது முகிலன் மூக்கு காய்ந்து, என் செல்போனைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பாட்டில் பிரிக்காமலே கிடந்தது. நான் அண்ணியைத் தனியாகப் பிடித்தேன். "நான் அவ்ளோ பாயிண்ட் சொன்னேனே அண்ணி?"

"நல்லாத்தான் பேசுன. ஆனா நீ பேசுனா அவரு எதிர்த்துப் பேசுவாரு. காலண்டரை யாரு எதிர்த்துப் பேசுறது?"

சாயங்காலம் ஹாலில் வீடு அதிரும்படி ஒரு தும்மல். குழந்தை தன் சளியை அப்பாவுக்குக் கொடுத்திருந்தான். சிவந்த மூக்கோடு அண்ணன் பாட்டிலை எடுத்தான்.

"கோகி, இதை நானே குடிச்சிடட்டுமா?"

"இன்னிக்குக் கரிநாளுங்க" என்றது சமையலறை.

அண்ணன் பாட்டிலை வைத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. கரிநாளாவது ஒன்றாவது, ஆதாரத்தோடு வாதாடலாம் என்று, அண்ணன் ஜென்மத்தில் எட்டிப் பார்க்காத சமையலறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தேன்.

தாள் கிழிக்க ஆளில்லாமல், அது சித்திரை ஒன்றாம் தேதியிலேயே நின்றிருந்தது. மூன்று நாளாக நான் தொண்டை வற்ற வாதாடியது, வராத அஷ்டமியோடு.