ஊறுகாய்க்கு வரி போட்ட டூட்டி சார்

என் கையெழுத்து சில சமயம் எனக்கே புரியாது. படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ள வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உலக விவசாயம் இனி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டே இளைத்த மனிதர் டூட்டி சார் ஒருவர்தான். பெங்காலிகள் ஊரான கிடர்பூரில், துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்காகக் கப்பலுக்கும் சுங்க அலுவலகத்துக்கும் காகிதம் தூக்கி அலைந்தவர். டூட்டி, அதாவது இறக்குமதி வரி, அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுகச் சந்தில் நான் ஒரு சின்ன மெஸ் நடத்தினேன். டூட்டி சார் தட்டைப் பார்த்ததும் பூகோள வாத்தியார் ஆகிவிடுவார்.

“பருப்பு பர்மா. எண்ணெய் மலேசியா. பட்டாணி கனடா. இதுல நம்ம நாட்டுல விளைஞ்சது அரிசி மட்டும்தான் தம்பி.”

“சாம்பார் ஆறுது சார்.”

“ஆறட்டும். மண்ணையும் தண்ணியையும் இப்படியே கெடுத்துட்டிருந்தா, உன் பேரன் மாத்திரையத்தான் முழுங்கணும்.”

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பர்மாக் கப்பலும் வரவில்லை. துவரம்பருப்பு விலை ஏற, இனி ஆளுக்கு ஒரு கரண்டி சாம்பார்தான் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“பற்றாக்குறைன்னா கொள்கை வேணும்!” என்று டூட்டி சார் எழுந்துவிட்டார்.

மறுநாள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சாப்பிட வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஊறுகாய், பொடி, கருவாடு எது கொண்டுவந்தாலும் பொதுக் கிண்ணத்தில் ஒரு கரண்டி போட வேண்டும், அதுதான் வரி. சாம்பார் போதாதவர்கள் அதைத் தொட்டுக்கொள்ளலாம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. கிண்ணம் நிறைய நிறைய அவருக்கு ஆசை வந்துவிட்டது.

“பாட்டிலைத் திறங்க அண்ணாச்சி. என்ன சரக்குன்னு டிக்ளேர் பண்ணுங்க.”

கிரேன் ஓட்டும் அண்ணாச்சி முறைத்தார். “எலுமிச்சங்கா ஊறுகா வே. தூத்துக்குடியிலேருந்து எம் பொண்டாட்டி குடுத்துவிட்டது.”

“வெளி மாநிலச் சரக்கு. ரெண்டு கரண்டி.”

“வரிய நீரு கப்பலுக்குப் போடும்வே! எம் பொண்டாட்டி கைக்குப் போடாதீரும்!”

பாட்டிலை மூடிக்கொண்டு எதிரே, எல்லாரும் பௌதி (அண்ணி) என்று கூப்பிடும் பெங்காலி அம்மாளின் மீன் சோற்றுக் கடைக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னாலேயே போனார்கள். அந்த வாரக் கடைசியில் மெஸ்ஸில் சாப்பிட டூட்டி சார் மட்டும்தான்.

“இப்போ உள்நாட்டுச் சந்தைக்கு முழுப் பாதுகாப்பு” என்றார்.

“சந்தையில ஆளே இல்லையே சார்.”

வடித்த சோறு அண்டாவோடு மிஞ்சியிருந்தது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. “நாளைக்கு அடுப்பு மூட்டலை சார். பூட்டிட்டு ஊருக்குப் போயிடறேன்” என்றேன்.

டூட்டி சார் தட்டைத் தள்ளிவைத்தார். எழுந்து நேராக எதிர்க் கடைக்குப் போனார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அண்ணாச்சி நிமிரவே இல்லை. “சாப்பிடாதவங்க எழுந்திருங்க அண்ணா!” என்று பௌதி பெங்காலியில் கத்தினாள். இடத்தை விடக் கூடாது என்பதற்காக, முட்டைகூடத் தொடாத மனிதர் மீன் சோறு வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். மீன் தலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை அதன் எதிரிலேயே பேச்சுவார்த்தை நடத்தினார்.

முடிவு இதுதான். ஊறுகாய் வரி ரத்து. பதிலுக்கு, சாம்பாரில் பாதிக்குப் பாதி மலிவான பட்டாணிப் பருப்பு கலந்தால் யாரும் முணுமுணுக்கக் கூடாது.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். சாம்பார் பசைபோல இருந்தது. திட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அண்ணாச்சி பொதுக் கிண்ணத்தில் தானாகவே ஒரு கரண்டி ஊறுகாய் போட்டார்.

“இது வரி இல்ல வே. என் இஷ்டம்.”

“எல்லாருக்கும் கொஞ்சம் வயித்தெரிச்சல் இருந்தாத்தான் தம்பி, ஒப்பந்தம் நல்லா முடிஞ்சிருக்குன்னு அர்த்தம்” என்று டூட்டி சார் என் காதில் சொன்னார். அன்று பரிமாறியதும் அவர்தான். கடைசியாக அவர் உட்கார்ந்தபோது பாத்திரம் காலி.

“மோர் இருந்தாப் போதும்ப்பா” என்றார்.

எனக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. அடுப்பையும் அணைத்தாகிவிட்டது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பற்றவைத்தேன். பட்டாணி கலக்காமல், முழுத் துவரம்பருப்பில், அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் சாம்பார் வைத்தேன்.

கிடர்பூர், 2008 மார்கழி முதல் ஞாயிறு.