ஆளுக்கு ஒரு சைக்கிள்

"ஆளுக்கு ஒரு சைக்கிள். அவ்வளவுதான்! அதுக்கு மேல ஒரு பெடல் வாசப்படி தாண்டி வந்தாலும் பின்பக்கத்து ரூம் என் தையல் மெஷினுக்கு!"

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மேல்கோர்ட்டும் அதே அம்மாதான்.

தீர்ப்புக்கு ஆளானவர் கண்ணாடிக்காரர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்லுவார். வீட்டில் மட்டும் அவருக்குப் பவர் கிடையாது. அது முழுக்க அவர் மனைவியான தையல்காரம்மாவிடம் இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான். பழைய பந்தய சைக்கிள். வளைந்த ஹேண்டிலும் ஒல்லி டயருமாக எங்கேயாவது துருப்பிடித்துக் கிடந்தால் போதும், தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிரிப்பார், மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார், தேய்ப்பார், பெயிண்ட் அடிப்பார், மறுபடி பூட்டுவார். பின்பக்கத்து அறை நிறைந்து, நடை நிறைந்து, கடைசியில் ஒன்று குளியலறைக்கே போய்விட்டது. வினை அங்கேதான் வந்தது. விருந்துக்கு வந்த மாமனார், கண்ணில் சோப்போடு துண்டைத் தேடி, ஹேண்டிலில் தொங்கிய கிரீஸ் துணியை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். மீசையில்லாமல் உள்ளே போன மனிதர் மீசையோடு வெளியே வந்தார்.

அன்றைக்குத்தான் தீர்ப்பு. ஒரு சிவப்பு சைக்கிளைத் தவிர எல்லாம் வெளியே போயின.

கொடுத்த வாக்கைக் கண்ணாடிக்காரர் காப்பாற்றியிருப்பார். காயலான் கடைக்காரர் போன் செய்யாமல் இருந்திருந்தால்.

"சார், பழைய பந்தய சைக்கிள் பிரேம் ஒண்ணு வந்திருக்கு. பூ மாதிரி வெயிட்டு."

"வேண்டாம்ப்பா. வீட்டுல தடை உத்தரவு."

"சைக்கிளுக்குத்தானே தடை? இது வெறும் பிரேம் சார். சக்கரம் இல்லாதது சைக்கிளா?"

அடடா, என்ன ஞானம்! கண்ணாடிக்காரர் கடைக்கு ஆள் வைத்துவிட்டு ஓடினார். பிரேமை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துப் பக்கத்தில், சிறகை விரித்த பறவை ஒன்றின் தடம் மட்டும் பெயிண்டில் பதிந்திருந்தது.

"இங்க ஒரு பித்தளை முத்திரை இருந்திருக்கணுமே?"

"பறவைதானே சார், பறந்துடுச்சு."

"பிரேம் கொஞ்சம் குள்ளமா இருக்கே. என் முட்டி ஹேண்டில்ல இடிக்கும் போல."

"பந்தய வண்டி சார். குனிஞ்சு ஓட்டணும். நிமிர்ந்து உக்கார இது என்ன சோபாவா?"

வீட்டுக்கு வரும் வழியிலேயே கண்ணாடிக்காரருக்குத் திட்டம் தயாராகிவிட்டது. புதுசு வளர வளர, பழசு தேயவேண்டும். இதில் ஒரு பெடல் ஏறினால் சிவப்பில் ஒரு பெடல் இறங்கும். யார் எப்போது வந்து எண்ணினாலும் வீட்டில் ஒரு சைக்கிள்தான்! தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

போர்வையில் சுற்றிய பிரேமோடு உள்ளே நுழைந்தார்.

"என்னங்க அது?"

"கடைக்குப் போர்டு மாட்டற ஸ்டாண்டு."

"ஓ."

அவ்வளவுதான். புருஷன் சொன்ன பொய்யை மனைவி உடனே நம்பிவிட்டால் புருஷன் உஷாராகிவிட வேண்டும். கல்யாணமான எவருக்கும் தெரிந்த விஷயம் இது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டது என்று நினைக்குமாம். நம்மவர் கண்ணாடி போட்டுக்கொண்டே அப்படி நினைத்தார்.

அடுத்து முன்சக்கரம் வந்தது.

"இது?"

"ஷோகேஸ்ல தொங்கவிடப் போறேன். கம்பிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டினா அழகா இருக்கும்ல?"

"இருக்கும். ஆனா ஒத்தையா நிக்குதே பாவம். ஜோடி இல்லையா?"

"அடுத்த வாரம் வரும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

காயலான் கடையில் நாம் நினைத்த சாமான் நினைத்த நேரத்தில் கிடைத்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? இவருக்குக் கிடைத்தது. ஹேண்டில் வேண்டும் என்று நினைத்தால் ஹேண்டில் வந்தது, பிரேக் என்றால் பிரேக். செயின், சீட்டு, பெடல் மட்டும் "மக்கிப் போச்சு சார்" என்று கை விரித்தார் கடைக்காரர். அதனாலென்ன? சிவப்பு சைக்கிள் எதற்கு இருக்கிறது? செயின் கழன்றது, தோல் சீட்டு கழன்றது, பெடல்கள் கழன்றன. மிச்சத்தைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினார்.

இதற்கிடையில் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு வாஷர் போடுங்கள், பீரோ கதவு இறங்கிவிட்டது பாருங்கள், தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் ஒரு வண்டி சரிபண்ணிக் கொடுங்கள் என்று தையல்காரம்மா கேட்காத நாளில்லை. எல்லாவற்றுக்கும் கண்ணாடிக்காரரிடம் ஒரே பதில்தான். "ஆகட்டும், பார்க்கலாம்."

பெயிண்ட் கட்டம் வந்தபோது மனிதர் தானாகவே வலையில் போய் விழுந்தார்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு சைக்கிளுக்கு என்ன கலர் அடிச்சா எடுப்பா இருக்கும்?"

"எந்த சைக்கிளுக்கு?"

"பொதுவா. உலகத்துல இருக்கற சைக்கிளுக்கு."

"பொதுவா கத்திரிப்பூ கலர் நல்லா இருக்கும்." வெட்டுத் துணிக் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "இந்த ஷேடு. பொதுவா."

ஹேண்டிலில் சுற்ற நாடாவும் அந்தக் கூடையிலிருந்தே கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய சைக்கிள் பிரியர்கள் எல்லோரும் பூங்காவில் கூடி ஏரி வரை ஊர்வலமாகப் போகும் நாள். இன்றைக்கு அத்தனை பேர் வாயையும் பிளக்கவைக்க வேண்டும்! விடிந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தித் துடைத்தார். கத்திரிப்பூ நிறத்தில் அது அப்படி மின்னியது. தையல்காரம்மா கழுத்தில் இஞ்சு டேப்போடும் காலில் ஷூவோடும் வந்து நின்றார். ஷூ எதற்கு என்று கண்ணாடிக்காரர் யோசித்திருக்கலாம்.

"நம்ம சிவப்புதான்" என்று முந்திக்கொண்டார். "பெயிண்ட் மட்டும் மாத்தினேன்."

"குள்ளமாயிடுச்சே?"

"அது... புது பெயிண்ட் இல்லையா? காயும்போது இழுத்துப் பிடிக்கும். கொஞ்சம் சுருங்கிடுச்சு."

"சுருங்கறதுக்கு இது என்ன, தண்ணியில நனைச்ச காட்டன் துணியா?"

தையல்காரம்மா டேப்பை எடுத்து சீட்டிலிருந்து கீழ்ப் பெடல் வரை வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"கச்சிதம். என் கால் அளவு."

"உன் கால் அளவா?"

"அளவு பார்க்காம வாங்க நான் என்ன நேத்து டேப் பிடிச்சவளா? என் கஸ்டமர் அம்மா வீட்டு ஷெட்டுல சும்மா கிடந்தது. முழுசா வாங்கி, காயலான் கடையில விட்டு, பிரிச்சு ஒவ்வொண்ணா உங்க கண்ணுல காட்டச் சொன்னேன்." ஊசி டப்பாவைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு பித்தளைப் பறவை. "இதையும் முடுக்கிக் குடுத்துடுங்க."

"பறந்துடுச்சுன்னானே அந்தப் பாவி!"

"பறந்து என் டப்பாவுல உக்காந்துக்கிச்சு."

"முழுசா வாங்கினதை எதுக்கும்மா பிரிக்கணும்? என்கிட்ட நேரா குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா என்ன சொல்லுவீங்க?"

சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"செய்யுங்கன்னா ஆகட்டும் பார்க்கலாம்பீங்க. கூடாதுன்னு சொன்னேன். எவ்வளவு சுறுசுறுப்பா செஞ்சீங்க!"

"ஆனா வீட்டுக்கு ஒரு சைக்கிள்னு நீதானே..."

"வீட்டுக்குன்னு யார் சொன்னா? ஆளுக்கு ஒண்ணுன்னேன். ஏன், நான் ஆளில்லையா?"

முத்திரை ஏறியது. தையல்காரம்மா ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை போய்த் திரும்பினார். ஒரு கீச்சு இல்லை, ஒரு கடகட இல்லை. கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது என்னவோ பெருமைதான். என்ன ஓட்டம்! யார் கை வேலை!

"ஏன் மரம் மாதிரி நிக்கறீங்க? உங்க வண்டியையும் எடுங்க. சேர்ந்தே ஊர்வலத்துக்குப் போகலாம்."

"அது பரண்ல இருக்கு."

"இறக்குங்க."

"செயின் இல்ல."

"எங்க போச்சு?"

"நீ மிதிச்சுக்கிட்டு இருக்கியே... அதான்."

தையல்காரம்மா குனிந்து செயினைப் பார்த்தார். சீட்டைத் தடவினார். "அடடா!" என்றார், உண்மையான அனுதாபத்தோடு. "சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம். ரூம் உங்களுக்குத்தான், கவலைப்படாதீங்க." மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார். தெருவைத் திரும்பும்போது குரல் மட்டும் வந்தது.

"நான் வர்ற வரைக்கும் அந்தக் குழாயை மட்டும் தொட்டுடாதீங்க! சொல்லிட்டேன்!"

"தொடுவேன்! என்ன பண்ணுவே?" என்று முணுமுணுத்தபடி, கண்ணாடிக்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.