ஒரு வாளி நானாவின் மிச்ச மண்

மாரி தொடங்கினால் கந்தளாய்க் குளம் நிறைவதற்கு முன்பே நிறைந்துவிடுபவை ஒரு வாளி நானா வெட்டிய குழிகள். திருகோணமலையில் அவர் ஒரு குழியாவது வெட்டாத வளவு இருந்தால் அது கடலுக்குள்தான் இருக்க வேண்டும். அத்திவாரத்துக்கு ஒன்று, மதிலுக்கு ஒன்று, மலசலகூடத்துக்கு ஒன்று என்று ஊரெல்லாம் தொடங்கி வைத்தவர். அவர் முடித்து வைத்த வேலையைக் கண்டவர்கள் குறைவு.

நானா என்பது முஸ்லிம் அண்ணன்மாருக்கு எங்கள் ஊர் அழைப்பு. ஒரு வாளி என்பது அவருடைய தொழில்முறையால் வந்த பட்டம். மண் வெட்டி அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். அது மஞ்சள் நிறம் என்பார். எங்கள் கண்ணுக்குத் துருதான் தெரியும். வேலை பேசியதும், வீட்டுக்காரர் குறித்த நல்ல நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் கிண்ணியாவிலிருந்து வந்து நிற்பார். தேங்காய் உடையும், கற்பூரம் எரியும், நானா ஒரே ஒரு வாளி மண்ணை அள்ளி ஓரமாக வைப்பார். பிறகு, "மத்த இடத்திலயும் நேரம் வெச்சிருக்காங்க" என்று இயந்திரத்தோடு கிளம்பிவிடுவார். நல்ல நேரத்தில் மண்ணில் கை வைத்தவரை மாற்றுவது வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த ஒரு வாளியோடு வீட்டுக்காரர் நானாவின் கையில் அகப்பட்டுவிடுவார்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். நேரம் காலம் பார்ப்பதில்லை. எங்களிடம் இந்தப் பருப்பு வேகாது என்று நம்பித்தான் நான் அவரைக் கூப்பிட்டேன்.

எங்கள் வீடு துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து கீழே ஒழுங்கைக்கு இறங்கக் கருங்கல் படிகள், ஒன்றைப்போல் ஒன்று இல்லாதவை. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் என் மனைவி றெஜினாவின் ஒரு காலை வெட்டி எடுத்த பிறகு அந்தப் படிகள் எங்களுக்குப் பகையாகிவிட்டன. ஞாயிறு பூசைக்கு அயலவர்கள் அவளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே குரலால் அடக்கி வைத்திருந்தவள், இறங்கி முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருப்பாள்.

ஒரு நாள் சொன்னாள்: "திருநாளுக்குச் சுரூபம் தூக்குற மாதிரி என்னைத் தூக்காதேங்கோ. ஒரு சரிவு வெட்டித் தாங்கோ. வீல் செயாரில நானே உருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போறன்."

இன்னொரு பயமும் அவளுக்கு இருந்தது. எங்களுக்கு மேலே உள்ள வீட்டில் ஒரு மரணம் நடந்தபோது, சவப்பெட்டி அந்தப் படிகளால் இறங்குகையில் ஒருவருடைய கால் சறுக்கி, பெட்டி தலைகீழாகச் சரிந்துவிட்டது. வாசலில் இருந்து பார்த்தவள் அன்று சாப்பிடவில்லை. "சீவிய காலம் முழுக்க நிமிர்ந்து நடந்தனான். கடைசியாத் தலைகீழாப் போக ஏலாது" என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானா வந்து மேட்டைப் பார்த்தார். "சேர், உங்கட ஆக்களுக்கு நேரம் இல்லதானே. அப்ப இப்பவே கை வெப்பம்" என்றார். றெஜினா இயந்திரத்துக்குத் தீர்த்தம் தெளித்துச் சிலுவை அடையாளம் போட்டாள். நானா கையேந்தித் துஆ கேட்டார். ஒரு வாளி மண் வந்தது. நானா போனார்.

அடுத்த மாதம், வேறு ஆளைப் பார்ப்போம் என்றேன்.

"தீர்த்தம் தெளிச்ச மெசினை மாத்தக் கூடாது" என்றாள் றெஜினா. வேதக்காரரிடமும் பருப்பு வெந்துவிட்டது.

ஆனால் நானாவிடம் ஒரு நேர்மை இருந்தது. அவர் போனில் பொய் சொல்ல மாட்டார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, கதிரையில் அமர்ந்து, தேநீர் குடித்து, முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார். வந்து போகும் நேரத்தில் வேலையையே முடித்திருக்கலாம். முன்பெல்லாம் "பாதை பிந்திட்டு" என்பாராம். பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவை. பாலம் போட்ட பிறகும் சில காலம் அதையே சொல்லிக்கொண்டிருந்து, யாரோ பாலத்தைக் காட்டிய பிறகுதான் விட்டாராம். எங்கள் காலத்தில் அந்தச் சாட்டுக்குப் பதிலாகப் புல்மோட்டை மாமா வந்து சேர்ந்தார்.

"மாமா மௌத்தாயிட்டார் தங்கச்சி. அதான் வர ஏலாமப் போச்சு."

"போன மாசமும் அவர்தானே நானா செத்தவர்?"

"அது மத்த மாமா."

"அதுக்கு முந்தின மாசம்?"

நானா தேநீரை ஒரு மிடறு குடித்தார். "அவருக்குத்தான் கடுமையா இருந்த. பிறகு சுகமாயிட்டு."

றெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். காலை எடுத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பொய்களுக்குத்தான். அவர் போன பிறகும் அன்று முழுவதும் அவள் முகம் தெளிவாக இருக்கும். அதனால் நானும் அவரைக் கடிந்து பேசவில்லை.

கார்த்திகை மழை தொடங்கி, கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கியபோது அவள் சிரிக்காமல் கேட்டாள்: "நத்தார்ப் பூசைக்கு நான் தனியப் போகவேணும் நானா."

"இன்ஷா அல்லாஹ். நத்தாருக்கு முதல் முடிச்சித் தாறன் தங்கச்சி."

நத்தாருக்கு முதல் றெஜினா முடிந்துபோனாள். சிறுநீரகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பெட்டியில் கொண்டுவந்து, அதே படிகளால் எப்படியோ மேலே ஏற்றினோம். பெட்டியைத் தாங்கியவர்களின் கால்களையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடக்க நாள் காலையில், பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, கீழே ஒழுங்கையில் பெக்கோ உறுமியது. "செத்த வீட்டில இதென்ன கூத்து? நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று என் மைத்துனர் கொதித்தார். எனக்கும் இரத்தம் தலைக்கேறியது. இறங்கிப் போனேன்.

"எல்லாம் முடிஞ்சுது நானா. இனி ஆருக்கு வெட்டுறியள்?"

அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னார்: "தலைகீழாப் போக ஏலாதெண்டு தங்கச்சி எனக்கிட்டயும் சொன்னவ சேர்."

நான் திரும்பிப் படியேறி வந்துவிட்டேன். நானா தேநீர் கேட்கவில்லை, மாமாவைப் பற்றிப் பேசவில்லை, இருக்கையை விட்டு இறங்கவில்லை. கருங்கற்களைப் பிடுங்கி எறிந்து, மேட்டை வளைத்து வெட்டி, வாளியின் அடியால் மண்ணை அழுத்தி அழுத்தி மட்டமாக்கினார். பின்னேரம் றெஜினாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெட்டி ஓரிடத்திலும் சரியவில்லை. நானா இயந்திரத்திலிருந்து இறங்கி, சேற்றுக் காலோடு சேமக்காலையில் அவளுடைய குழி வரை பின்னால் நடந்து வந்தார்.

ஒரு பகல் வேலை. அதைக் கொஞ்சம் முந்திச் செய்திருந்தால் அவள் அந்தச் சரிவில் தானே உருட்டிக்கொண்டு இறங்கியிருப்பாள். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இப்போதும் அந்தச் சரிவில் நடக்கும்போது சில நாள் எனக்குக் கோபம் வரும், சில நாள் அழுகை வரும்.

அன்று வெட்டிய மண்ணில் ஒரு வாளி அளவு மட்டும் கேற்றடியில் மிஞ்சிவிட்டது. அதற்காக நானா வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வருவார். "அந்த மண்ணை அடுத்த கிழமை எடுத்துப் போடுறன் சேர்" என்று சொல்லிவிட்டு, றெஜினாவின் வெறும் கதிரைக்குப் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடிப்பார். மாமாவின் உடல்நிலையையும் சொல்லுவார். எந்த மாமா என்று இப்போது நான் கேட்கிறேன். மண்ணில் புல் முளைத்துவிட்டது. அள்ளித் தருவதாக வந்த இரண்டொருவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு விபரீதம் நடந்தது. நானா உண்மையிலேயே பெக்கோவோடு வந்துவிட்டார். நான் சத்தம் கேட்டு வெளியே வருவதற்குள் வாளி அந்த மண்ணின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு முடிச்சித் தாறன் சேர்" என்றார்.

சரிவில் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போய் இயந்திரத்துக்கு முன்னால் நின்றேன்.

"அது கிடக்கட்டும் நானா, அடுத்த கிழமை பாப்பம். மெசினை நிப்பாட்டிப்போட்டு மேல வாங்கோ. மாமாவுக்கு இப்ப எப்பிடி?"