மேலிருந்து கீழே பிறந்த புனிதர்

காதலிக்கிற காலத்தில் ஒரு ஆணுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எனக்கும் அப்படித்தான். சுகன்யாவோடு லண்டன் நகரத்துக்குள் சுற்றிய ஒரு சனிக்கிழமை, மழைக்கு ஒதுங்க ஒரு பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தோம். அங்கே பல நூற்றாண்டு பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. "இதெல்லாம் என்ன படம்?" என்று அவள் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அது பெரிய கதை. நான் இதைப் பற்றி நிறைய வாசிச்சிருக்கிறன்" என்றேன். (அந்த வருடம் நான் வாசித்தது டிரைவிங் தியரிப் புத்தகம் மட்டும். அதிலும் இரண்டு தரம் பெயில்.)

அவள் நம்பியது பிரச்சினை இல்லை. ஸ்ட்ரெதமில் இருக்கும் தன் அப்பாவிடம் போய்ச் சொன்னதுதான் பிரச்சினை. மிச்சம் என்கிற ஊரில் போன் திருத்துகிற கடையில் நிற்கிறவனுக்குப் பெண் கொடுக்க அவள் அப்பா அருளம்பலம் மாமாவுக்கு மனமில்லை. "அவருக்கு உலக விஷயம் எல்லாம் தெரியும் அப்பா. சேர்ச் கண்ணாடியைப் பற்றியே மணிக்கணக்காக் கதைப்பார்" என்று எனக்காக வாதாடியிருக்கிறாள். "அப்ப எங்களுக்கும் ஒருக்காக் காட்டட்டுமன்" என்றுவிட்டார் மாமா. என் கல்யாணம் அந்த ஜன்னலில் தொங்கியது.

படித்துவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். கோயில் சிற்பம் பார்த்து வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்துவிட்டேன்.

மாமா வெள்ளைச் சட்டையும் டையுமாகத் தேவாலயத்துக்கு வந்தார். மாமி காஞ்சிபுரச் சேலைக்கு மேல் குளிர்கோட்டும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக வந்தார். ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து படங்கள். நான்கு மூலையிலும் சிறகு முளைத்த நான்கு உருவங்கள். எனக்கு உயிர் வந்தது.

"எல்லாம் வாகனங்கள்தான் மாமா. இடபம், சிங்கம், கழுகு."

"நாலாவது மனிசன் மாதிரி இருக்கு. அவர் ஆருடைய வாகனம்?"

"அவர்... வாகனங்களைப் பார்த்துக்கொள்ளுறவர்."

சுகன்யா தன் சப்பாத்தைப் பார்த்தாள். நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் விரலை நீட்டி, உச்சிப் படத்திலிருந்து கதையை ஆரம்பித்தேன்.

"முதல் படத்தில தேவதூதர்கள் ஒரு சின்ன உயிரைத் துணியில ஏந்தி பூமிக்குக் கொண்டு வருகினம். அடுத்ததில ஒருத்தர் தலை வேற உடம்பு வேறயாக் கிடக்கிறார். அந்த உயிரை இவருக்குள்ள விடுகினம். எங்கட பிள்ளையாருக்குத் தலை திரும்ப வந்த மாதிரித்தான். மூன்றாவதில, பாருங்கோ, தலையோட ராஜாவுக்கு முன்னால நிக்கிறார். ராஜாவுக்கு ஆச்சரியம். நாலாவதில அந்தச் சந்தோஷத்தில அன்னதானம் குடுக்கிறார்."

"கடைசியில குழந்தையெல்லோ இருக்கு?" என்றார் மாமா.

"மறுபிறவி!" என்றேன். "எல்லாச் சமயமும் ஒண்டுதான் மாமா."

"எல்லாத்திலயும் சிவப்புத் துணி?"

"மங்கலமான நிறம்."

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பக்கத்தில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அருகே வந்தார். அந்தத் தேவாலயத்தைக் கவனித்துக்கொள்பவர். ஆங்கிலத்தில் மிகப் பணிவாகச் சொன்னார்: "உங்கள் மொழி எனக்கு விளங்காது. ஆனால் உங்கள் விரல் கீழே போகிறது. இதைக் கீழேயிருந்து மேலே வாசிக்க வேண்டும்."

மாமாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அதுதான் என் கெட்ட காலம். அவர் கேட்டார், அந்த அம்மா அந்தப் புனிதரின் கதையைச் சொன்னார். குழந்தை பிறக்கிறது. வளர்ந்து ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கிறார். ராஜா விசாரிக்கிறான். தலையை வெட்டுகிறார்கள். தேவதூதர்கள் அவருடைய ஆன்மாவைத் துணியில் ஏந்தி மேலே கொண்டு போகிறார்கள். (நான் இறக்கிக்கொண்டு வந்தேனே, அதே ஆன்மா.) மூலையில் இருந்தவை, பைபிளில் இயேசுவின் கதையை எழுதிய நான்கு சுவிசேஷகர்களின் அடையாளங்கள். அந்தச் சிவப்பு, அவர் சிந்தப்போகிற இரத்தம். அதனால்தான் தொட்டிலில் கிடக்கும்போதே அந்தத் துணி.

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் கண் அந்தத் தொட்டில் துணிக்குப் போயிற்று. அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டே கண் ஒவ்வொரு படமாக மேலே ஏறியது. எழுத்துத் தெரியாத மக்களுக்காகச் செய்த ஜன்னலாம், அந்த அம்மா சொன்னார். எழுத்துத் தெரிந்த நான்தான் பிழையாக வாசித்திருக்கிறேன். உச்சிப் படத்துக்குக் கண் போய்ச் சேர்ந்த நேரம் வெளியே வெயில் எறித்தது. ஜன்னல் முழுவதும் பற்றிக்கொண்டது. மாமாவின் வெள்ளைச் சட்டை சிவப்பும் நீலமும் ஆனது. நிமிர்ந்த தலையோடு அவர் வாயைத் திறந்தபடி நின்றார். நானும் அப்படித்தான் நின்றேன். எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் நான் மனதுக்குள் சுகன்யாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மாமா திரும்பினார்.

"தம்பி, நீர் அந்த ஜன்னலைப் பற்றி ஒண்டும் வாசிக்கேல்லை, என்ன?"

"ஓம் மாமா. இல்லை மாமா."

"பாஷை தெரியாத மனிசிகூடக் கண்டுபிடிக்கிற மாதிரித்தான் உமக்குப் பொய் சொல்ல வருது." மாமியைப் பார்த்தார். "இவரால எங்கட பிள்ளையை ஏமாத்த ஏலாது. பயப்பிடாமல் குடுக்கலாம்."

ஸ்ட்ரெதம் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா இன்றைக்கும் எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுப்பார். கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார். "இதை இப்படித்தான் வாசிக்க வேணுமாம், மருமகன் சொன்னவர். முதல் சோடியாக் காரில வந்து இறங்குகினம். பிறகு எல்லாரும் சோத்தை இலையில திருப்பி வைக்கினம். பிறகு இவர் தாலியைக் கழட்டி எடுக்கிறார். கடைசியாப் பாருங்கோ, தலைப்பாகையோட தனிய நிக்கிறார், பாவம்."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தத் தனி ஆளோடு ஆல்பத்தை மூட எனக்கு மனம் வராது. மாமாவின் கையிலிருந்து ஆல்பத்தை வாங்கி, முன்னாலிருந்து புரட்டி, சுகன்யா வருகிற பக்கத்தைக் கண்ட பிறகுதான் கீழே வைப்பேன்.