பூனைக்குப் பின் இரண்டு மாத்திரை

முகம் பார்க்கும் கண்ணாடியில் பிழையம்மாவின் முகத்தைக் காணோம். முகம் தெரிய வேண்டிய இடத்தில் 'கண்ணாடி' என்று சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. காதுகள் மட்டும் ஆளுக்கொரு பக்கமாக எட்டிப் பார்த்தன.

"ஏங்க! இங்க வாங்க!"

கணவன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றான்.

"இது என்னது?"

"கண்ணாடி."

"அது எனக்குத் தெரியும். அது மேல எதுக்கு எழுதி ஒட்டியிருக்கு?"

"காலையில நீ பிரஸ்ஸுக்குப் போயிருந்தப்போ அக்கா வந்தா. பொடிசுக்காகவாம். ஒவ்வொரு சாமான் மேலயும் அதோட பேரை ஒட்டி வச்சா, குழந்தை பார்த்துப் பார்த்துத் தானாப் படிச்சிடுமாம்."

பிழையம்மா திரும்பிப் பார்த்தாள். கதவில் 'கதவு'. சன்னலில் 'சன்னல்'. நாற்காலி, கடிகாரம், துடைப்பம் எதுவும் தப்பவில்லை. சோபாவில் கிடந்த பஞ்சுப் பூனையின் வயிற்றில் 'பூனை'.

"நல்ல வேளை, உங்க நெத்தியில 'அப்பா'ன்னு ஒட்டாம விட்டாங்களே."

"ஒட்டத்தான் வந்தா. எனக்கு வியர்க்குது, நிக்காதுன்னு சொல்லிட்டேன்."

அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் துண்டுத்தாள்கள் எல்லாம் அவள் பார்த்துத் தந்த பிறகுதான் இயந்திரம் ஏறும். கல்யாணப் பத்திரிகையோ கடைப் பலகையோ, எதிரே எதைக் கண்டாலும் பிழை கண்டுபிடிப்பதால் அச்சகத்தார் வைத்த பெயர் பிழையம்மா. அது வீடு வரைக்கும் வந்து, அப்படியே தங்கிவிட்டது.

கணவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வீட்டிலும் அவன் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே, இரண்டு மாடிக்கு இடையில் நின்றுபோன லிஃப்ட் மாதிரிதான் நிற்பான். கதவும் திறக்காது, மணியும் அடிக்காது.

அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் தன் வீட்டு முன்னறையில் கைக்குழந்தைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறவள்.

"அண்ணி, அவளுக்கு இன்னும் மூணு வயசு முடியலை."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். மூணு வயசோட மூளை மூடிக்கும்."

"மூடிக்கிறதுக்கு அது என்ன மளிகைக்கடையா?"

"விளையாடாதே. என் வகுப்பில எட்டு மாசக் குழந்தை 'பால்'னு எழுதின அட்டையைப் பார்த்துச் சிரிக்குது."

"எட்டு மாசக் குழந்தை மின்விசிறியைப் பார்த்தும் சிரிக்கும் அண்ணி."

"உனக்கென்னம்மா, நீ மூணு வயசிலயே பேப்பர் படிச்சவளாமே. உன் பொண்ணு மட்டும் தற்குறியா இருக்கணுமா?"

அங்கேதான் பிழையம்மாவுக்குச் சுருக்கென்றது. படித்தாள்தான். முக்காலி மேல் நின்று படித்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முக்காலி வரும், பேப்பர் வரும், இவளைத் தூக்கி மேலே நிறுத்துவார்கள். தெருவில் மற்றப் பிள்ளைகள் மணலில் புரண்டுகொண்டிருக்க, இவள் விலைவாசி உயர்வை வாசித்துக்கொண்டிருப்பாள். வந்தவர்கள் கை தட்டுவார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால் விளையாட்டு முடிந்திருக்கும்.

"அண்ணி, எழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது. அவ வர்ற வரைக்கும் காத்திட்டிருக்கும். இந்த வயசு காத்திட்டிருக்குமா? அட்டையெல்லாம் எடுத்திட்டுப் போயிடுங்க."

"மாட்டேன்."

"அப்ப நான் பிய்ச்சிடுவேன்."

"பிய்ச்சுத்தான் பாரேன்!"

பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியின் அட்டையைப் பிடித்து இழுத்ததும், அதோடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் கையோடு வந்துவிட்டது.

"அக்கா நல்ல பசையாத்தான் வாங்கியிருக்கா" என்றான் கணவன், பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில்.

பசைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சுரண்டினால் அட்டை முழுசாக வருகிறது என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தாள். ஆனால் வெறும் சுவரைப் பார்த்தால் நாத்தனார் மறுபடி ஒட்டுவாள். அதனால் அவள் வேறு வேலை செய்தாள். எடுத்த அட்டைகளையெல்லாம் இடம் மாற்றி ஒட்டினாள். துடைப்பத்துக்குக் 'கடிகாரம்' போயிற்று. சன்னல் 'நாற்காலி' ஆனது. வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவள், முதல் தடவையாகக் கை கூசாமல் வீடு நிறையப் பிழை வைத்தாள். மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது.

"எப்படிப் படிக்கிறான்னு பார்க்கிறேன்" என்றாள் பொடிசைத் தூக்கிக்கொண்டு. "உனக்கு எழுத்து வேணாம்தானே கண்ணு?"

"வேணாம்" என்றது பொடிசு. ஒரு முத்தம் கிடைத்தது.

நாத்தனார் மறுநாள் சும்மா வரவில்லை. வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசிப்புச் சூழல் உள்ள வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்டப்போகிறாளாம். வாசலில் நின்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே, தம்பதியில் கணவர் நெளிந்தார்.

"பாத்ரூம் எங்கங்க?"

"அதான் எழுதியிருக்கே, பார்த்துப் போங்க! இதுதான் எங்க முறையோட வசதியே!" என்றாள் நாத்தனார்.

அவர் 'குளியலறை' என்று எழுதியிருந்த கதவைத் திறந்துகொண்டு போனார். அது சாமான் அறை. பிழையம்மா வாயைத் திறப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. எதுவோ உருண்டது. பிறகு ஒரு பெரிய அமைதி.

வெகுநேரம் கழித்து வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். தலையில் ஒட்டடையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"தண்ணிதான் வரலைங்க."

தம்பதி அப்படியே போய்விட்டார்கள். நாத்தனார் வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வோர் அட்டையாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் மூக்கு விடைத்தது.

"துடைப்பத்துக்குக் கடிகாரமா? இது அநியாயம்மா! குழந்தையோட எதிர்காலத்தில மண்ணள்ளிப் போடுறே!"

"மண்ணுலதான் அண்ணி அவ விளையாடணும்."

"டேய் தம்பி! நீ ஒரு வார்த்தை பேசுடா!"

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.

"சரி, நானே பேசிக்கிறேன்" என்றாள் நாத்தனார். "ஞாயித்துக்கிழமை வர்றேன். நானே சோதிக்கிறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ படிச்சான்னா, அவளுக்குப் படிப்பு வருதுன்னு அர்த்தம். திங்கக்கிழமையில இருந்து தினமும் காலையில இருந்து சாயங்காலம் வரை என் வகுப்பில இருக்கணும். பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும்."

"படிக்கலைன்னா?"

"எல்லா அட்டையையும் சுருட்டிட்டுப் போயிடறேன். எழுத்துன்னு வாயைத் திறக்க மாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் மாற மாட்டேன். நீ அட்டையை மாத்தாம இரு!"

பிழையம்மா அன்றே அத்தனை அட்டையையும் சுரண்டி எடுத்து, குழந்தை கண்ணில் படாமல் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டாள். பிறகு வழக்கம்போல், அச்சகத்திலிருந்து வாங்கி வந்த தாள்களோடு வீட்டிலேயே வேலைக்கு உட்கார்ந்தாள். மனசுக்குள் படித்தால் கண் ஏமாற்றிவிடும் என்பது அவள் தொழில் பாடம். அதனால் பென்சில் முனையை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, வாய்விட்டு, கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். பொடிசு மடியில்தான் இருக்கும். கீழே விட்டால் பீரோ மேல் ஏறிவிடும். பிழை கண்ட இடத்தில் சரியான சொல்லைச் சின்னச் சீட்டில் எழுதி, பழைய சொல்லின் மேல் ஒட்டுவாள். அச்சகத்தில் சீட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடிப்பார்கள். பிழையம்மா ஒட்டினால் ஒட்டினதுதான், அதில் மறுபேச்சு கிடையாது.

பார்த்த தாள்கள் அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போயின. மறுநாள் காலை அச்சக முதலாளி போன் செய்தார்.

"அம்மா, பூனைக்கும் மாத்திரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"என்ன முதலாளி சொல்றீங்க?"

"'பூனைக்குப் பின் இரண்டு மாத்திரை'ன்னு அடிச்சிருக்கோம். கட்டுக் கட்டா அடிச்சிருக்கோம். பசங்களைக் கேட்டா, சிவப்பு எழுத்தில பெரிசா ஒட்டியிருந்துது, பிழையம்மா ரொம்ப அழுத்தமாத் திருத்தியிருக்காங்கன்னு நினைச்சோம்ங்கிறாங்க."

பிழையம்மா இழுப்பறையைத் திறந்தாள். பூனையைக் காணோம். பொடிசு பசைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது.

"நீயா கண்ணு ஒட்டினே?"

"அம்மா மாதிரி" என்றது.

"உணவு இருந்த இடத்தில பூனையை ஒட்டிட்டியேடி!"

முதலாளி போனில் தொடர்ந்தார். "தாள் இன்னும் வெளியில போகலை, தலை தப்பிச்சுது. ஆனா இந்த வாரம் நீங்க பார்த்த அத்தனையும் திரும்பப் பார்க்கணும். இங்க வந்து, என் கண்ணு முன்னாடி உட்கார்ந்து பார்க்கணும். குழந்தையைக் கூட்டிட்டு வராதீங்க. பூனையைத் திருத்தவே எனக்கு நாள் போதாது."

கணவனுக்கு ஏதோ ஒரு மாடியில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. குழந்தையை விடுவதற்கு ஊரிலேயே ஒரே ஓர் இடம்தான் மிச்சம்.

"வாம்மா, வா!" என்று நாத்தனார் கதவைத் திறந்தபோது, அவள் முகத்தில் அட்டை ஒட்டாமலே 'வெற்றி' என்று படிக்க முடிந்தது. "கவலையே படாதே. சனிக்கிழமை வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்."

சாயங்காலம் பொடிசை அழைத்துவரும்போதெல்லாம் பிழையம்மா விசாரிப்பாள்.

"அத்தை என்ன பண்ணினாங்க?"

"அட்டை காட்டினாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"தூங்கினேன்."

"என் ராசாத்தி!" என்று இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஒரு முத்தத்துக்கு இரண்டாகக் கொடுப்பாள். படிக்காத குழந்தைக்கு இவ்வளவு பரிசு கொடுத்த தாய் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் புத்தம்புது அட்டைக் கட்டோடு வந்தாள். கூடவே அவள் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கால் உடையும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கணக்குப் போடுகிற மனிதர். வீட்டில் அவர் பேசிய சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் அடுக்கிவிடலாம். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் புதுச் சொல்லு" என்றாள் நாத்தனார். "வீட்டில ஒட்டினதும் இல்லை, வகுப்பில காட்டினதும் இல்லை. அப்புறம் மனப்பாடம் பண்ணிட்டான்னோ, மாத்தி ஒட்டினதால குழம்பிட்டான்னோ யாரும் சொல்லக் கூடாது பாரு."

"ரொம்ப நியாயம் அண்ணி."

"வா கண்ணு. இந்த முக்காலி மேல ஏறி நில்லு."

"முக்காலி வேணாம்" என்றாள் பிழையம்மா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தரையிலதான் உட்காருவா. என் பொண்ணை எதுக்கு மேலயும் ஏத்தி நிறுத்த விடமாட்டேன்."

நாத்தனார் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, முக்காலியைத் தள்ளி வைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"இது என்ன, படிச்சுச் சொல்லு."

பொடிசு வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"சரி, வாயைத் திறக்கவே வேணாம். ரெண்டு அட்டை காட்டுறேன். கேட்கிறதைத் தொட்டாப் போதும். இதில குடை எது?"

பொடிசு இரண்டு அட்டையையும் நிதானமாகப் பார்த்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு 'மழை'யைத் தொட்டது.

பிழையம்மாவுக்கு மூச்சு வந்தது.

"பரவாயில்லை, பரவாயில்லை. இதில குதிரை எது?"

'யானை'யைத் தொட்டது. பிழையம்மாவின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

'கப்பல்' கேட்டால் 'ரயில்'. 'ஆறு' கேட்டால் 'மலை'. ஒரே பக்கத்தைத் தொடுகிறாளோ என்று சந்தேகப்பட்டு நாத்தனார் அட்டைகளைக் கை மாற்றிப் பிடித்தாள். குழந்தையின் விரலும் மாறிப்போய்த் தப்பானதையே தொட்டது. நாத்தனார் கெஞ்சினாள், பாட்டுப் பாடிக் காட்டினாள், கடைசியில் சொல்லுக்கு ஏற்றபடி நடித்தும் காட்டினாள். கட்டுத் தீர்ந்தது.

"ஒண்ணுகூடவா!" நாத்தனாரின் குரல் உடைந்தது. "ஒண்ணே ஒண்ணுகூடச் சரியா வரலையே! டேய் தம்பி, குழந்தையைக் கண் டாக்டர்கிட்டக் காட்டுடா!"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. தெருவில போற நாயைப் பார்க்குது, மேல போற விமானத்தைப் பார்க்குது. அதுக்கு அது போதும்" என்றாள் பிழையம்மா. இழுப்பறையிலிருந்த பழைய அட்டைகளையும் புதுக் கட்டையும் ஒரே பையில் திணித்து நீட்டினாள். "எண்ணிப் பார்த்துக்குங்க. பூனை மட்டும் பிரஸ்ல இருக்கு."

நாத்தனார் பையைப் பிடுங்கிக்கொண்டாள். பேச்சு மாறவில்லை, அந்த மட்டும் நேர்மையான பெண். வாசலில் குனிந்து பொடிசின் கன்னத்தைக் கிள்ளி, "தற்குறி! இருந்தாலும் நீ என் தங்கம்டி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வழியனுப்பத் தம்பியும் பின்னாலேயே ஓடினான்.

பிழையம்மா பொடிசைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். "செயிச்சிட்டோம்டி! பள்ளிக்கூடம் போற வரைக்கும் உன்னை ஒரு எழுத்தும் அண்டாது!"

நாத்தனாரின் கணவர் மட்டும் இன்னும் வாசலில் நின்று, ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களாண்ணா? உங்க வீட்டம்மா இத்தனை நாள் வச்சிருந்தும் ஒண்ணும் ஏறலை!"

அவர் நிமிர்ந்தார். குழந்தையை ஒரு பார்வை பார்த்தார். படிக்கட்டுப் பக்கம் மனைவி இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ரெண்டு அட்டையில ஒண்ணைத் தொடச் சொன்னா, படிக்கத் தெரியாத குழந்தை குருட்டாம்போக்கில பாதியாவது சரியாத் தொட்டிருக்கும்மா, ஒண்ணு விடாம அத்தனையும் தப்பாவே தொடணும்னா, அத்தனையும் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்."