மகாராணிக்குக் கோபம்

பூனை வளர்ப்பவர்கள் ஒரு ரகம். பூனைக்கு வாயாகவே ஆகிவிட்டவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் பார்த்ததில்லையா? இந்தப் பல் வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வாயைப் பிளந்து கிடந்து "ஆ, ஊ" என்று முனகுகிறவர்களோடு பகலெல்லாம் பேசிப் பழகியவருக்கு ஒரு "மியாவ்" எம்மாத்திரம்? அவருடைய பூனை மகாராணி வாலை ஆட்டினால் "யோசிக்கிறா", கண்ணை மூடினால் "எனக்கு முத்தம் தர்றா", வந்த விருந்தாளியின் கையைப் பிறாண்டினால் "உங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, சார்!" விருந்தாளி ரத்தத்தைத் துடைத்தபடி நன்றி சொல்ல வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மகாராணி ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மறுநாளும் அப்படியே. வைத்தியருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கோவமா இருக்கா. கீழ்வீட்டு நாயை அன்னைக்குத் தடவிக் கொடுத்தேன் பாரு, அந்த வாசனை தெரிஞ்சிருக்கும்."

தோல் உரியக் கையைக் கழுவினார், தரையில் குப்புறப் படுத்து மன்னிப்புக் கேட்டார், கன்னம் வீங்கிக் காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னார். மகாராணி பீரோ மேல் ஏறி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

"இனிமே அவ என்கிட்ட வரவே மாட்டா" என்றபோது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. பாவம், பாசத்தில் குறையில்லாத மனுஷர்.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வீட்டை ஒழுங்கு பண்ணினீங்களே, அவ கிண்ணத்தை எங்க வச்சீங்க?"

"பாத்ரூம் மூலையிலதான். அவ ஒதுங்குற மணல் தட்டுக்குப் பக்கத்துல. எல்லாம் ஒரே இடத்துல இருந்தா அவளுக்கு வசதி!"

"உங்க சாப்பாட்டை கக்கூஸ்ல வச்சா நீங்க சாப்பிடுவீங்களா?"

அவளே போய்க் கிண்ணத்தை அலசி, புதுச் சாப்பாடு போட்டு, சமையலறை ஜன்னலடியில் வைத்தாள். மகாராணி பீரோவிலிருந்து குதித்தாள். கிண்ணம் காலி.

வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தியா? என்னை மன்னிச்சுட்டா!"

மனைவி ஒன்றும் சொல்லாமல் மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், "எங்க வீட்டுப் பூனை அப்படியில்லை, அது பார்க்கிற பார்வையிலேயே எனக்கு எல்லாம் புரிஞ்சிடும்" என்று இப்போது உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதே, அது யாருடையது? எதற்கும் ஒருமுறை எழுந்துபோய், கிண்ணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.