வாங்க சொல்லாத சர்வர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியை முக்கால் மணி நேரம் ஊமையாக்கிய புண்ணியவான் நான்தான். மின்வெட்டு, நூல் விலையேற்றம், தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பொங்கலுக்குத் திரும்புகிற டெய்லர்கள் என்று எதற்கும் அசராத கம்பெனி அது. நான் எழுதிய நாற்பது வரிப் புரோகிராமுக்கு அசந்துவிட்டது.

கம்பெனி என் தாய்மாமாவுடையது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, "அக்கா பையன் சும்மா திரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம்" என்று இழுத்துவந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். பதவி, கம்ப்யூட்டர் மேனேஜர். எனக்குக் கீழே வேலை பார்த்த மொத்தப் படையும் ஒரே ஆள், இசக்கியம்மாள். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். என்னைவிட நன்றாகப் புரோகிராம் எழுதுவாள். (இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியாத நிலையில் இருக்கிறேன்.)

கம்பெனியில் ஒரு தொல்லை இருந்தது. மூன்று மாடியிலும் தையல். எந்த மாடியில் நூல் தீர்ந்தாலும் சூப்பர்வைசர் கீழே ஸ்டோருக்கு ஓடி வரவேண்டும். வந்தவர் ஸ்டோர்க்காரரிடம் ஊர்க்கதை பேசி, ஒரு டீயைக் குடித்து, நூல் கோனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதற்குள் ஒரு லைன் டெய்லர்கள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் மாமாவிடம் மார்தட்டினேன். ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர், அது சர்வர். மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர், அவை கிளையன்ட். மேலே பட்டனைத் தட்டினால் கீழே திரையில் 'இரண்டாம் மாடி, வெள்ளை நூல்' என்று வரும்; ஸ்டோர் ஆள் கொண்டுபோய்க் கொடுப்பார். இதற்குப் பெயர் சாக்கெட் புரோகிராமிங். சர்வர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும், கிளையன்ட் வாசலுக்கு வரும், பிறகு இருவரும் பேசிக்கொள்ளலாம். விஷயம் அவ்வளவுதான். கல்லூரியில் இதற்கு ஒரு செமஸ்டரை எடுத்துக்கொண்டார்கள்.

சர்வர் எனக்கு, கிளையன்ட் இசக்கிக்கு என்று பிரித்துக்கொண்டோம். நான் என்னுடையதைத் தனியாகச் சோதித்தேன், அருமையாக ஓடியது. அவளும் ஒரு பொம்மை சர்வர் எழுதி அவளுடையதைச் சோதித்தாள், அதுவும் ஓடியது.

"சார், ரெண்டையும் சேத்து ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோமா?" என்றாள்.

"எதுக்கு? என் பக்கம் பக்காவா இருக்குது. உன்னோடதை நீ பாத்துக்க."

"சரி. நான் சொல்லிட்டேன்."

இந்த "நான் சொல்லிட்டேன்" எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்று கல்யாணமாகாத எனக்கு அப்போது தெரியவில்லை.

இதற்கிடையில், வெளிநாட்டுக் கடை ஒன்றின் பெரிய ஆர்டருக்காகக் கம்பெனியைப் பார்வையிட ஒரு மேடம் வருவதாக இருந்தது. மாமா போனிலேயே "எங்குளுது எல்லாமே கம்ப்யூட்டருங்க மேடம்" என்று அளந்து விட்டிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் நாலாவது மாடி கட்டுவது. வராவிட்டால் மூன்றாவது மாடியை வாடகைக்கு விடுவது. அன்று காலை சூப்பர்வைசர்களை நிற்கவைத்து உத்தரவு போட்டார்.

"மேடம் இருக்கறப்ப ஒருத்தரும் ஸ்டோருக்கு ஓடியாரப்படாது. போனும் எடுக்கப்படாது. எல்லாம் கம்ப்யூட்டர்லயே போகோணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, இது சொதப்புச்சுன்னா நாளைக்கே உன்னைய பிசிறு வெட்ட உட்டுருவேன்."

பிசிறு வெட்டுவது என்றால் தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்திரியால் நறுக்குவது. கம்பெனியில் அதற்குக் கீழே ஒரு வேலை கிடையாது. நான் சிரித்தேன்.

மேடம் வந்த கொஞ்ச நேரத்தில், பத்தரை மணிக்கு மூன்றாம் மாடியில் வெள்ளை நூல் தீர்ந்தது. அங்கே சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணன் பட்டனைத் தட்டினார். கீழே ஸ்டோரில் என் முன்னால் இருந்த திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்து இரண்டாம் மாடி, பிறகு முதல் மாடி. என் சர்வர் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். முதலில் வந்தவர் போனால்தான் அடுத்தவர். முதலில் வந்தவரோ வாய் திறக்காமல் நின்றார். பின்னால் வந்த இரண்டு பேரும் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றார்கள். தலைக்கு மேலே மெஷின் சத்தம் ஒவ்வொரு லைனாகக் குறைந்தது.

பழனிச்சாமி அண்ணன் படியில் பாதிவரை இறங்கி, உத்தரவு ஞாபகம் வந்து அங்கேயே நின்று குனிந்து கேட்டார். "தம்பி, வட்டம் சுத்திட்டே இருக்குதுங்க. இன்னொருக்கா தட்டட்டுங்களா?"

நான் முதலில் வயரைச் சந்தேகப்பட்டேன். அடுத்து எலியை. (திருப்பூரில் எது கெட்டாலும் எலி மேல் பழி போடலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.) மேஜைக்கு அடியில் புகுந்து எலி கடித்த வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமாவின் குரல் கேட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்களைக் காட்டி, "இவர்தானுங்க எங்க கம்ப்யூட்டர் மேனேஜர்" என்று மேடத்திடம் அறிமுகம் செய்தார்.

கடைசி மெஷினும் நின்றது. பனியன் கம்பெனியில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

இசக்கி மாடியிலிருந்து இறங்கி வந்து என் திரையைப் பார்த்தாள். "கனெக்ட் ஆயிட்டு சார். என் புரோகிராம் உங்க வாசல்லதான் வந்து நிக்கு. உங்க சர்வர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

மேஜைக்கு அடியிலிருந்தே கத்தினேன். "நான் என்னத்தச் சொல்லோணும்? வந்தவங்கதான் 'நான் இன்ன மாடி'ன்னு சொல்லோணும். அதுக்குத்தான் காத்துட்டு இருக்குது."

"உங்க ஊர்ல வீட்டுக்கு ஆள் வந்தா வீட்டுக்காரங்கதான மொதல்ல வாங்கன்னு சொல்லுதீங்க? அதுக்கு முன்னாடி வாயத் தொறந்தா மரியாதை இல்லன்னுல்லா நான் நெனச்சேன். சர்வர் 'வாங்க'ன்னு அனுப்புற வரைக்கும் பேசாம நிக்கணும்னுதான் எழுதியிருக்கேன்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் தீர்ந்தது. என் சித்தப்பா சீர் விசேஷம் நடந்த ஒரு வீட்டில் யாரோ ஒருவர் வாங்க சொல்லவில்லை என்று பந்தியில் உட்காராமல் பஸ் ஏறியவர்; இன்றுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கள் ஊர் முறையை அசலூர்ப் பெண் ஞாபகம் வைத்திருந்தாள். அதிலேயே பிறந்து வளர்ந்த நான் மறந்துவிட்டேன்.

மாமாவுக்குச் சாக்கெட் புரியாது. இது புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "வந்தவங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம முக்கா மணி நேரமா வாசல்லயே நிக்க வெச்சிருக்கறயாடா? நீயெல்லாம் நம்ம ஊட்டுப் பையனா?"

அந்த மேடம் மெதுவாகச் சொன்னார். "நான் வந்தப்பகூட இவர் வாங்க சொல்லலைங்க."

இசக்கி என் நாற்காலியில் உட்கார்ந்து என் சர்வரில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். மூன்று மாடியும் மடமடவென்று திரையில் வந்து விழுந்தன. ஆனால் மேடம் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். பெரிய ஆர்டர் போய், குழந்தைப் பனியன் ஆர்டர் மட்டும் வந்தது. நாலாவது மாடி இன்றுவரை இல்லை. மறுநாள் முதல் இரண்டு மாதம் பிசிறு வெட்டினேன். நாற்காலி இசக்கிக்குப் போனது, திரும்பி வரவேயில்லை.

அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்குப் புத்தியும் காதலும் சேர்ந்து வந்தன. பெண் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. உள்ளேயிருந்து இசக்கியின் குரல்தான் வந்தது. "யப்பா, வாங்கன்னு சொல்லிருங்க. இல்லைன்னா அவரு சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான் நிப்பாரு."

இப்போது எங்கள் மகளுக்கு ஏழு வயது. எனக்கும் இசக்கிக்கும் சண்டை வந்து ஆளுக்கொரு பக்கம் உம்மென்று உட்கார்ந்தால் மகள் என் மாமாவுக்குப் போன் போடுவாள். "தாத்தா, ரெண்டு பேரும் கனெக்ட் ஆயித்தான் இருக்காங்க. யாரும் பேச மாட்டேங்கிறாங்க." ஸ்பீக்கரில் மாமாவின் குரல் வீடு முழுக்கக் கேட்கும். "ஊட்டுக்காரன் எவனோ அவனை மொதல்ல வாங்கன்னு சொல்லச் சொல்லு கண்ணு."

வீடு இசக்கியின் பெயரில்தான் இருக்கிறது என்று வாதாடிப் பார்த்திருக்கிறேன். எடுபட்டதில்லை. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று "வாங்க" என்பேன். குக்கரில் மூன்று விசில் போனபிறகு பதில் வரும்.